சின்னக் கூடைக் கிழங்கு

ஜனவரி 3, சனி

தயாளன் மத்தியானம் பொண்டாட்டியைக் கொண்டுவந்து விட்டுட்டுப் போயிட்டான். ஒரு பெட்டி, ஒரு தலையணை, ஒரு பை நிறைய மாத்திரை. கோயம்புத்தூர்ல அவங்க வாடகைக்கு இருக்கறது மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. படியே ஏறக் கூடாதுன்னு டாக்டரம்மா கண்டிப்பா சொல்லிட்டாங்களாம். ரெண்டு தடவை உண்டாகி ரெண்டும் மூணாம் மாசம் தாண்டலை. இது மூணாவது. "அம்மா, பாத்துக்கோ"ன்னான். பாத்துக்காம வேற என்ன பண்ணப் போறேன்.

மருமக இசக்கிக்கு ஊர் தூத்துக்குடிப் பக்கம் ஏரல். பன்னெண்டு வயசுல அம்மா போயிட்டாங்க, அண்ணனும் மதினியும்தான் வளர்த்தாங்க. கல்யாணம் ஆன ரெண்டு வருஷத்துல கோத்தகிரிக்கு ரெண்டே தடவைதான் வந்திருக்கா. வந்ததும் ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் மாட்டிக்கிட்டு ஜன்னலோரம் உக்காந்துட்டா. கேட்டா பதில் சொல்றா, கேக்கலைன்னா சும்மா இருக்கா. நானும் அப்படித்தான். ஒரு வீட்டுக்கு ரெண்டு ஊமை.

ஜனவரி 6, செவ்வாய்

டேலியாக் கிழங்கு பிரிக்கற வேலை இன்னிக்கோட முடிஞ்சுது. இடுப்பு போச்சு.

டிசம்பர் பனியில செடியெல்லாம் கருகினதும் தோண்டி எடுத்து, கழுவி, நிழல்ல உலர்த்தி வெச்சிருந்தேன். கொத்துக் கொத்தா இருக்கும். ஒவ்வொரு கிழங்கையும் கழுத்தோட சேர்த்து அறுத்துப் பிரிக்கணும், ஏன்னா கண் இருக்கறது கழுத்துல. கண் இல்லாத கிழங்கை நட்டா அது பாட்டுக்கு மண்ணுக்குள்ள கொழுகொழுன்னு கிடக்கும், முளைக்கவே முளைக்காது. அறுத்த இடம் அழுகாம இருக்க மருந்துத் தூள் தடவி, காஞ்ச மணல்ல புதைச்சாச்சு.

பெரிய கூடையில செவப்பு, மஞ்சள், ஊதா. எல்லாத்துக்கும் சீட்டு கட்டினேன். சின்னக் கூடையில வெள்ளை மட்டும். ஒன்பது கிழங்கு.

வெள்ளை நானே விதை போட்டு வந்தது. டேலியாவுல விதை போட்டா தாய் மாதிரி பிள்ளை வராது, ஒவ்வொண்ணும் ஒரு தினுசா வரும். ஆறு வருஷத்துக்கு முன்னாடி பன்னெண்டு நாத்து முளைச்சுது. பதினொண்ணு சுமார். ஒண்ணு மட்டும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூத்துது, தும்பை வெள்ளை, இதழோட அடியில மட்டும் இளம்பச்சை. அதே பூ வேணும்னா அதே கிழங்குலேர்ந்துதான் வரணும். இந்த ஒன்பதை விட்டா உலகத்துல வேற எங்கயும் இது கிடையாது. இந்த வருஷம் மே மாச மலர்க்காட்சியில வெச்சே தீரணும்.

அதுக்குச் சீட்டு கட்டலை, எனக்குத் தெரியாதா என்ன. துவைச்ச துணியால மூடி அடுப்படி அலமாரிக்குக் கீழ வெச்சிருக்கேன். அங்க பனி தாக்காது.

இசக்கி ரூம்ல தூங்கிட்டு இருந்தா. எழுப்பிக் காட்டறதுக்கு என்ன இருக்கு இதுல.

ஜனவரி 11, ஞாயிறு

ரெண்டு இட்லி கூடச் சாப்பிட்டா. நல்லது.

இன்னிக்கு அவளாவே வாயைத் திறந்தா. அவங்க ஊர்ல பொங்கல்னா கிழங்குதானாம். பனங்கிழங்கு, சிறுகிழங்கு, சேனை, சர்க்கரைவள்ளி எல்லாம் இலையில வெச்சுப் படைச்சு, அதையே சமைப்பாங்களாம். இங்க அதெல்லாம் கிடைக்குமா அத்தைன்னா. இது மலை, இங்க உருளைக்கிழங்கும் கேரட்டும்தான் கிடைக்கும்னேன். சிரிச்சுக்கிட்டா. மார்க்கெட்ல ஒரு எட்டு போய்ப் பாத்திருக்கலாம். சர்க்கரைவள்ளி ஒண்ணும் கிடைக்காத சரக்கு இல்லை.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

இன்னிக்கு நடந்ததை எழுதவும் பிடிக்கலை. எழுதாம இருக்கவும் முடியலை.

தயாளனுக்கு இன்னிக்கு டியூட்டி. காலையில வாசல்ல பொங்கல் வெச்சுட்டு, இவளை உக்காரச் சொல்லிட்டு நான் கோயிலுக்குப் போனேன். திரும்பி வர மணி பதினொண்ணு. இலை போட்டு வெச்சிருந்தா. பொங்கல், சாம்பார், அவரைக்காய், அப்புறம் தேங்காய் போட்டு ஒரு கிழங்குப் பொரியல். அடுப்படிப் பக்கமே போகக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன், ஆனா அவ மூஞ்சியில இருந்த சந்தோஷத்தைப் பாத்துத் திட்ட மனசு வரலை. ரெண்டு பேரும் சாப்பிட உக்காந்தோம். கிழங்கை வாயில போட்டேன். வெந்தும் வேகாத மாதிரி நறுக் நறுக்குன்னு இருந்துது, ருசின்னு பெருசா ஒண்ணும் இல்லை. பரவாயில்லைன்னு மூணு துண்டு தின்னேன். இது என்ன கிழங்கு, உங்க அண்ணன் அனுப்பினாரான்னு கேட்டேன்.

"இல்ல அத்தை. நீங்க வாங்கி வச்சிருந்ததுதான். சின்னக் கூடையில, துணி போட்டு மூடி. எனக்காகத்தான் வாங்கி வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். பொங்கலன்னைக்குச் சொல்லலாம்னு இருந்தீங்களோன்னு..."

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுது. மருந்துத் தூள். வேற எதுவும் தோணலை. அப்படியே அவ கையைப் பிடிச்சு எழுப்பி, எச்சில் கையோட ரோட்டுக்கு ஓடி, ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன்.

டாக்டர் ஒவ்வொண்ணா விசாரிச்சார். மண்ணுன்னு நெனைச்சு நாலு தண்ணி கழுவியிருக்கா. தோலைத் தடிமனா சீவியிருக்கா. கழுத்துப் பக்கம் நாரா இருக்குன்னு நறுக்கித் தூரப் போட்டிருக்கா. வேக வெச்ச தண்ணியையும் கொட்டியிருக்கா. அவ தின்னது நாலஞ்சு துண்டு. சாயங்காலம் வரைக்கும் படுக்க வெச்சுப் பாத்தாங்க. ஸ்கேன்ல துடிப்பைக் கேக்க விட்டாங்க. தையல் மிஷின் ஓடற மாதிரி டகடகன்னு ஒரு சத்தம். நல்லா இருக்குன்னார் டாக்டர். அப்புறம், நீங்களும் சாப்பிட்டீங்களாம்மான்னு என்னைக் கேட்டார். அப்பதான் எனக்கே ஞாபகம் வந்துது.

மாரியம்மா, உன் கால்ல விழறேன். வேற ஒண்ணும் வேண்டாம்.

ஜனவரி 16, வெள்ளி

விடிஞ்சதும் எருக்குழிக்குப் போனேன். அவ நறுக்கிப் போட்ட ஒன்பது கிழங்கோட கழுத்துத் துண்டெல்லாம் நேத்து குப்பையோட அங்கதான் போயிருந்துது. கண் கழுத்துலதானே இருக்கு. காப்பித்தூள், முட்டை ஓடு, தோல் எல்லாத்தையும் கையால கிளறினேன். ஏழு துண்டு கிடைச்சுது. மூணுல கண் தெரிஞ்சுது. அலசி எடுத்து, மணல் போட்ட தட்டுல வெச்சிருக்கேன்.

நிமிர்ந்தா, ஜன்னல்ல இசக்கி. எவ்வளவு நேரமா நின்னாளோ. பாத்தா பாக்கட்டும். என் செடி, என் குப்பை.

ஜனவரி 18, ஞாயிறு

தயாளன் வந்தான். சமையல் கட்டுல விஷத்தை வெச்சிருக்கியேம்மா, உனக்கு அறிவு இருக்கான்னு கேட்டான். இசக்கிதான் நடுவுல புகுந்து, நான் கேக்காம எடுத்தது தப்புன்னா. எனக்கு அவ பரிஞ்சு பேசினது இன்னும் கஷ்டமா இருந்துது.

மருந்து டப்பாவைத் தோட்டத்து அறையில வெச்சுப் பூட்டியாச்சு.

ஜனவரி 27, செவ்வாய்

சாப்பிடுறியான்னா "ம்". போதுமான்னா "ம்". பத்து நாளா இதே பாட்டு.

அவ மதினிக்குப் போன் பண்ணி மெதுவாப் பேசிட்டு இருந்தா. நான் ஒட்டுக் கேக்கலை, துணி மடிக்கத்தான் அந்தப் பக்கம் போனேன். அங்க வந்துடவா மதினின்னு கேட்டுட்டு இருந்தா. ஏரல் இங்கேர்ந்து எவ்வளவு தூரம். இந்த நேரத்துல ஒரு நாள் முழுக்க வண்டியில குலுங்கினா என்ன ஆகும். டாக்டர் பயணமே கூடாதுன்னிருக்கார். போறவளைக் கட்டிப் போட முடியுமா. போகட்டும்.

ராகி வாங்கினேன். கஞ்சி கேட்டா, பால் ஊத்தி, கொஞ்சம் கருப்பட்டி போட்டு. கருப்பட்டி இந்த ஊர்ல மூணு கடை ஏறி இறங்கினாத்தான் கிடைக்குது.

பிப்ரவரி 8, ஞாயிறு

தட்டுல இருந்த துண்டுகளைத் தொட்டுப் பாத்தேன். விரல் உள்ள போயிடுச்சு. ஏழும் அழுகிப் போச்சு. கிழங்கோட சதை இல்லாம கழுத்து மட்டும் எத்தனை நாள் தாங்கும்.

வெள்ளை இனி இல்லை.

பிப்ரவரி 16, திங்கள்

மூணு மாசம் தாண்டிடுச்சு. ஸ்கேன் நல்லா இருக்கு. டாக்டரம்மா, இனிமே தைரியமா இரும்மான்னாங்க. ஆஸ்பத்திரி வாசல்லயே இவ அழ ஆரம்பிச்சுட்டா. நான் முந்தானையால என் மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டேன், வெயில் அப்படி.

இன்னும் ஊருக்குப் போற பேச்சை எடுக்கலை. நான் கேக்கவும் இல்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

பெரிய கூடையை எடுத்து நட ஆரம்பிச்சேன். நட மனசே இல்லை, ஆனா கிழங்குல மொட்டு விட்டுடுச்சு, அது என் மனசைக் கேட்டுக்கிட்டா வளரும்.

இசக்கி பிளாஸ்டிக் சேரைத் தானே இழுத்துக்கிட்டு வந்து தோட்டத்துல உக்காந்தா. இதுதான் அன்னைக்கு நான் சமைச்ச கிழங்கான்னு கேட்டா. அதோட அக்கா தங்கச்சிங்கன்னேன். எப்படி நடணும்னா. படுக்க வெக்கணும், கண்ணு மேல பாக்கணும், ஒரு சாண் ஆழம். குச்சியை இப்பவே ஊனிடணும், அப்புறம் குத்தினா கிழங்குல ஏறிடும். முளை தலை காட்டற வரைக்கும் தண்ணி ஊத்தவே கூடாது, ஊத்தினா அழுகிடும். சொல்லச் சொல்ல எனக்கே வேகம் வந்துடுச்சு. ரோஜா மாதிரி நூறு நொட்டை சொல்லாது இது, நம்ம ஒரு பங்கு பாத்தா பத்து பங்கு பூக்கும், வஞ்சகமே தெரியாத செடின்னு என்னென்னவோ பேசினேன். எட்டு வருஷமா, என் வீட்டுக்காரர் போனதுலேர்ந்து, டேலியாவைப் பத்தி என்கிட்ட யாரும் கேட்டதில்லை. அது இன்னிக்குத்தான் எனக்குத் தெரியுது.

இருபத்திரெண்டு குழி. சீட்டுல இருக்கற பேரை அவ படிச்சா, நான் நட்டேன்.

மார்ச் 5, வியாழன்

பழைய பக்கத்தைத் திருப்பிப் பாத்தேன். பொங்கலன்னிக்கு நான் எழுதினது பொய். யாருக்குன்னு பொய் எழுதினேன்னு தெரியலை, இந்த டயரியை நான்தான் எழுதறேன், நான்தான் படிக்கறேன்.

அவ சின்னக் கூடைன்னதும் எனக்கு மருந்துத் தூள் தோணலை. "ஐயோ, என் வெள்ளையையா தின்னுட்டே"ன்னு கத்தினேன். எழுந்து ஓடி, கூடையைத் தூக்கி, மணலைத் தரையில கொட்டித் தடவினேன். அவ இலை முன்னாடி அப்படியே உக்காந்திருந்தா. மணல்ல கலந்திருந்த தூள் கையில ஒட்டினப்பதான் "மருந்து"ன்னு அலறினேன். அதுக்கு அப்புறம்தான் ஆட்டோ, ஆஸ்பத்திரி எல்லாம்.

வயித்துப் பிள்ளைக்காரி முன்னாடி உக்காந்திருக்கா, நான் பூவைத் தேடியிருக்கேன். மறுநாள் எருக்குழியில வேற. அவ மூஞ்சியைப் பாக்கவே எனக்கு வெக்கமா இருக்கு.

மார்ச் 14, சனி

முளை வந்தாச்சு. பதினெட்டு. முதல்ல பாத்தது இசக்கி. பல் விளக்கிக்கிட்டே தோட்டத்துக்குப் போனவ, வாயில நுரையோட வந்து என் கையைப் பிடிச்சு இழுத்தா.

ஏப்ரல் 12, ஞாயிறு

இருபத்தொண்ணு வந்துது, ஒண்ணு வரலை. முழங்கால் உசரம். நாலு ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளணும்னு சொன்னேன். நல்லா வளர்றதைப் போய்க் கிள்ளச் சொல்றீங்களேன்னு பாவமா பாத்தா. கிள்ளினாத்தான்டி கிளைக்கும்னேன். "டி" போட்டது சொன்னப்புறம்தான் தெரிஞ்சுது. அவ ஒண்ணும் நெனைச்சுக்கலை, சிரிச்சுக்கிட்டே கிள்ளினா.

ஓடில்லாத நத்தை தொல்லை. விடியக்காலம் ரெண்டு பேரும் இலையைத் திருப்பித் திருப்பிப் பாத்து, குச்சியால எடுத்து உப்புத் தண்ணியில போடறோம். இன்னிக்கு முப்பத்தொண்ணு. அதுல பத்தொன்பதை அவதான் பிடிச்சதா சாதிக்கறா. கிடையாது, பதினாறுதான்.

பிள்ளை அசையறது தெரியுதாம். மத்தியானம் சொன்னா. கையை வெச்சுப் பாக்கச் சொன்னா, எனக்கு ஒண்ணும் தெரியலை, இன்னும் நாள் ஆகணும். ஆனாலும் வெச்ச கையை எடுக்க மனசு வரலை.

மே 9, சனி

மலர்க்காட்சிக்கு பஸ் பஸ்ஸா ஜனங்க ஊட்டிக்குப் போறாங்க. இந்த வருஷம் நான் ஒண்ணும் வெக்கலை.

மே 17, ஞாயிறு

முதல் பூ. செவப்பு.

நேத்து பாதி திறந்திருந்துது. இன்னிக்குக் காலையில பாத்தா முழுசா விரிஞ்சு, ரெண்டு கையையும் சேர்த்து ஏந்தற அளவுக்கு நிக்குது. எத்தனை வருஷம் பாத்தாலும் முதல் பூவுக்கு என் நெஞ்சு அடிச்சுக்கும். இசக்கியைக் கூப்பிட்டேன். வயித்தைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா வந்து நின்னா. அவ இதுவரைக்கும் டேலியாவையே பாத்ததில்லை. ஏரல்ல ஏது டேலியா. கிழங்கைத் தின்னிருக்காளே ஒழிய பூவைப் பாத்ததில்லை. ஒரு விரலால இதழைத் தொட்டா. ஒண்ணு கூட வரிசை தப்பாம எப்படி அத்தை இப்படி அடுக்கி வெச்சிருக்குன்னா. அப்புறம் என் பக்கம் திரும்பினா.

"இதையா அத்தை நான் தேங்கா போட்டுத் தாளிச்சேன்?"

நான் சிரிச்சேன். அவ சிரிக்கலை. அந்த வெள்ளை இதைவிட நல்லா இருக்குமான்னு கேட்டா. இல்லைன்னு சொல்லியிருக்கலாம். ஆமான்னேன். இனிமே அவகிட்ட பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. நாலு மாசமா தொண்டையில நின்னதும் அதோட வந்துடுச்சு.

"இசக்கி, பொங்கலன்னிக்கு நான் முதல்ல பூவைத்தான் கேட்டேன். உன்னைக் கேக்கலை. உன் வயித்தை நெனைக்கலை. அது எனக்கே பொறுக்கலை. நீ என்னை மன்னிக்கணும்."

"எனக்கும் ஒண்ணு சொல்லணும் அத்தை." பூவைப் பாத்துக்கிட்டேதான் சொன்னா. "மருந்துன்னு நீங்க அலறினப்போ நானும் புள்ளைய நெனைக்கல. இனி இந்த வீட்டுல என்னை வச்சுக்க மாட்டாங்க, அனுப்பிருவாங்கன்னுதான் நெனச்சேன். ஆஸ்பத்திரி வாசல் வாரவரைக்கும் அதேதான். ஒரு அம்மாவுக்கு வர நெனப்பா அது? யார்ட்டயும் சொல்லல. உங்க மகன்கிட்ட கூடச் சொல்லல."

இவ்வளவு நாளா அவ "ம்" கொட்டினது என் மேல கோவத்துலன்னு இருந்தேன். பாவி, தன் மேலதான் கோவமா இருந்திருக்கா. செடியைக் குச்சியில கட்டக் கையில வெச்சிருந்த கயித்தைப் போட்டுட்டு அவ தலையை இழுத்துத் தோள்ல சாய்ச்சுக்கிட்டேன். எனக்கு வந்தது மாதிரிதான் உனக்கும் வந்திருக்கு, நாம ரெண்டு பேரும் ஒண்ணுதான் போன்னேன். ரெண்டு பேரும் அழுதோம். என் மண்ணுக் கையால அவ தலையெல்லாம் மண்ணு. அப்புறம் வெந்நீர் வெச்சுத் தலைக்கு ஊத்தி விட்டேன்.

வெள்ளை போனதுல எனக்கு வருத்தம் இல்லைன்னு எழுத மாட்டேன். இருக்கு. ஆனா அந்த ஒன்பது கிழங்கும் கூடையிலேயே இருந்திருந்தா இந்நேரம் நான் தனியா ஒரு பூவைப் பாத்துட்டு நின்னுட்டு இருந்திருப்பேன், இவ ஜன்னலோரமா உக்காந்துட்டு இருந்திருப்பா. நல்லபடியா வெச்சிருக்கே தாயே. உனக்குக் கோடி நமஸ்காரம்.

ஜூன் 3, புதன்

ஊதா, மஞ்சள் எல்லாம் வந்தாச்சு. ஒரு காம்புக்கு மூணு மொட்டு வரும், ரெண்டு பக்க மொட்டையும் எடுத்துட்டு நடு மொட்டை மட்டும் விடணும். அந்த வேலை இப்ப இசக்கியோடது. என்னைத் தொட விடறதில்லை, நான் முரட்டுத்தனமா கிள்ளறேனாம்.

ஞாயித்துக்கிழமை வளைகாப்பு. ஏழாம் மாசம். முடிச்சதும் அவ அண்ணன் கூட்டிட்டுப் போறதாப் பேச்சு. தலைப்பிரசவம், அதுதானே முறை. இப்ப பயணம் போகலாம், நிறுத்தி நிறுத்திப் போங்கன்னு டாக்டரம்மாவும் சொல்லிட்டாங்க. கருப்பட்டி, ஸ்வெட்டர், மாத்திரை எல்லாம் நானே பெட்டியில அடுக்கினேன். எனக்கும் கொஞ்சம் ஓய்வு வேணும். அஞ்சு மாசமா ஒரே வேலை.

ஜூன் 7, ஞாயிறு

வளைகாப்பு நல்லபடியா முடிஞ்சுது. அண்ணனும் மதினியும் விடியக்காலமே கார்ல வந்துட்டாங்க. நல்ல ஜனங்க. அந்த மதினி இவ கன்னத்தைத் தடவி, நல்லா தேறியிருக்கியேன்னு கண்ணு கலங்கினா. ஏழு சாதம், பாயசம், வடை. தயாளன் பந்தி பரிமாறினான், பாதி கீழ, பாதி இலையில. கையில வளையல் அடுக்கி முடிச்சதும் இவ நேரா தோட்டத்துக்குப் போய் சேர்ல உக்காந்துட்டா.

மூணு மணிக்குள்ள கிளம்பினாத்தான் நல்ல நேரம்னு அண்ணன் கடிகாரத்தைப் பாத்துட்டே இருந்தார். நான் பெட்டியைத் தூக்கிட்டு வந்து வாசல்ல வெச்சேன். அவர் தோட்டத்துக்கே போய்க் கூப்பிட்டார். நானும் பின்னாடி போனேன். இவ வளையல் சத்தத்தோட மொட்டு கிள்ளிட்டு இருந்தா.

"எந்திரிம்மா, நேரமாச்சு. தலைப்பிரசவம் அம்மா வீட்டுலதான் பாக்கணும். நம்ம வீடுதான உனக்கு அம்மா வீடு."

"அம்மா வீட்டுலதான் பாக்கணும், சரிதாண்ணே," ன்னா இசக்கி. "அதான் இங்க இருக்கேன்."

அண்ணன் என்னைப் பாத்தார். நான் என்ன சொல்றது, எனக்கே அப்பதான் தெரியும். அவ எங்க யாரையும் பாக்கலை. சேரை நகர்த்திக்கிட்டு அடுத்த செடிக்குப் போயிட்டா.